2012 எஸ்.இ.சி. இறுதி ஆட்டம்: கடைசி 15 வினாடியில் ஜார்ஜியா ஏன் ஸ்பைக் அடிக்கவில்லை?

கோடைமழை (கேள்வி):

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் எஸ்.இ.சி. என்ற கான்பரன்ஸின் (பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்பு) இறுதி ஆட்டம். 2012 டிசம்பர் 1, அட்லாண்டா ஜார்ஜியா டோம். அலபாமா 32, ஜார்ஜியா 28. ஜெயிக்கும் அணி தேசிய இறுதிக்குப் போய் நோட்ர டேமைச் சந்திக்கும் என்ற நிலையில் நடந்த ஆட்டம். அதன் கடைசி டிரைவைப் (பந்தோடு தொடர்ந்து முன்னேறும் முயற்சி) பற்றித்தான் என் கேள்வி.

1 நிமிடம் 8 வினாடி இருக்கும்போது ஜார்ஜியா தன் 15 யார்டு கோட்டிலிருந்து தொடங்குகிறது. கடிகாரத்தை நிறுத்தும் டைம்அவுட் ஒன்றுகூட மிச்சமில்லை. ஜெயிக்க டச்டவுன் வேண்டும், அதாவது கோல் கோட்டைத் தாண்டி 6 புள்ளி. குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) ஆரன் மர்ரி கிடுகிடுவென்று முன்னேற்றி, ஆர்தர் லிஞ்சுக்கு 26 யார்டு பாஸ் கொடுக்கிறார். பந்து அலபாமாவின் 8 யார்டில். கடிகாரத்தில் 15 வினாடி. அடுத்த பாஸ் அலபாமாவின் சி.ஜே. மோஸ்லி கையில் பட்டுத் திசை மாறுகிறது. கிறிஸ் கான்லி 5 யார்டு பக்கம் அதைப் பிடித்துக் களத்துக்குள்ளேயே விழுகிறார். கடிகாரம் ஓடி முடிந்துவிடுகிறது.

மூன்று சந்தேகங்கள்:

1. 15 வினாடி இருக்கும்போது பந்தைத் தரையில் அடித்து (ஸ்பைக்) கடிகாரத்தை நிறுத்தியிருக்கலாமே?

2. லிஞ்ச் பிடித்ததும் களத்துக்குள்தான், கான்லி பிடித்ததும் களத்துக்குள்தான். முதலாவதில் கடிகாரம் நின்றது, இரண்டாவதில் நிற்கவில்லை. ஏன்?

3. கான்லி பிடிக்காமல் விட்டிருந்தால்?

தெரிந்தவர்கள் விதியோடு சேர்த்துச் சொல்லுங்கள். "அனுபவமில்லாத பயிற்சியாளர், பதற்றம்" என்கிற மாதிரி பதில்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன, அவை வேண்டாம்.

—

நாலாம்_டவுன்:

இரண்டாவது சந்தேகத்திலிருந்து தொடங்குகிறேன். முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

தாக்கும் அணிக்கு 10 யார்டு எடுக்க நாலு முயற்சி, ஒவ்வொன்றும் ஒரு டவுன். 10 யார்டு கடந்தால் மறுபடி முதலிலிருந்து நாலு, அதுதான் ஃபர்ஸ்ட் டவுன். கல்லூரி ஆட்டத்தில் தாக்கும் அணி 10 யார்டு கடந்து ஃபர்ஸ்ட் டவுன் எடுத்தால், வீரர் களத்துக்குள் விழுந்தாலும் கடிகாரத்தை நிறுத்துவார்கள். 10 யார்டை அளக்கும் சங்கிலியோடு பக்கக்கோட்டில் நிற்கும் சங்கிலிக்காரர்கள் புது இடத்துக்கு ஓடி வந்து சங்கிலியை இழுத்து நிறுத்த வேண்டும், அதற்கான அவகாசம் அது. அவர்கள் வந்ததும் ரெஃப்ரி விசிலடித்துக் கையைச் சுழற்றுவார், கடிகாரம் மறுபடி ஓடும். கவனியுங்கள்: ஸ்னாப் (ஆட்டத்தைத் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுப்பது) வரை காத்திருக்காது, கை சுழன்றதுமே ஓடத் தொடங்கிவிடும். என்.எஃப்.எல். ஆட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே களத்துக்குள் விழுந்தால் ஃபர்ஸ்ட் டவுன் ஆனாலும் ஓட்டம்தான். ஆகவே தொழில்முறை ஆட்டம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு லிஞ்ச் பிடித்ததும் கடிகாரம் நின்றதே விசித்திரமாகத் தெரியும்.

இனி கான்லியின் பந்து. லிஞ்ச் 8 யார்டில் விழுந்தபோது ஜார்ஜியாவுக்கு ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்தது. ஆனால் கோல் கோட்டுக்கு 8 யார்டுதான் பாக்கி. இன்னொரு 10 யார்டு எடுக்க இடமே இல்லை. இதைத்தான் "ஃபர்ஸ்ட் அண்ட் கோல்" என்கிறார்கள். இந்த நிலையில் இனி ஃபர்ஸ்ட் டவுனுக்காகக் கடிகாரம் நிற்கும் பேச்சே இல்லை. டச்டவுன், எல்லைக்கு வெளியே போவது, பிடிபடாத பாஸ், தவறுக்கான கொடி, இவற்றில் ஒன்று நடந்தால்தான் நிற்கும். அதாவது 85 யார்டில் 77 யார்டு வரை ஜார்ஜியாவுக்குத் துணையாக இருந்த விதி, கடைசி 8 யார்டில் கைவிட்டுவிட்டது. கான்லி 5 யார்டில் பிடித்தது வெறும் 3 யார்டு ஆதாயம். கடிகாரம் தன்பாட்டுக்கு ஓடியது.

முதல் சந்தேகம். ரெஃப்ரி கை சுழற்றியபோது 15. ஜார்ஜியா வீரர்கள் வரிசைக்கு வந்து, மர்ரி சைகை கொடுத்து, ஸ்னாப் வரும்போது பத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆட்டத்தைப் பாதித்தது இந்த ஐந்தாறு வினாடிதான். ஸ்பைக் அடிப்பதாக முன்பே முடிவு செய்திருந்தால், சங்கிலி வந்து சேருவதற்குள் வரிசையில் நின்று, விசில் ஊதியதும் பந்தை வாங்கித் தரையில் அடித்திருப்பார்கள். ஒன்று அல்லது இரண்டு வினாடிதான் செலவு. 13 மிஞ்சியிருக்கும்.

கணக்கு இப்படி. 8 யார்டிலிருந்து எண்ட் ஸோன் (கோல் கோட்டுக்குப் பின்னுள்ள 10 யார்டு) மூலைக்கு எறியும் பாஸ், ஸ்னாப் முதல் பந்து தரையில் விழும் வரை ஏறக்குறைய 4 வினாடி.

ஸ்பைக் அடித்தால்: 13, 9, 5, 1. மூன்று முறை எறியலாம். ஸ்பைக் ஒரு டவுனைத் தின்றுவிடும், ஆனாலும் இரண்டாம், மூன்றாம், நான்காம் டவுன் கையில் இருக்கும். மூன்று டவுன், மூன்று பாஸ்.

அடிக்காமல் ஆடினால்: 9, 5, 1. இரண்டு முறை நிச்சயம் எறியலாம், மூன்றாவது முறைக்கு ஒரே ஒரு வினாடிதான் பாக்கி. டவுன் நாலும் முழுசாக இருக்கும், ஆனால் நாலாவதைப் பயன்படுத்த நேரமே கிடையாது.

டவுன் நிறைய இருந்தது, வினாடி குறைவாக இருந்தது. குறைவாக இருப்பதைக் காப்பாற்ற நிறைய இருப்பதில் ஒன்றைக் கொடுப்பதுதான் முறை. என் கணக்கில் ஸ்பைக்தான் சரி.

மூன்றாவது: விட்டிருந்தால் ஐந்து வினாடி அளவில் கடிகாரம் நின்றிருக்கும். இரண்டாம் டவுன், 8 யார்டு, குறைந்தது ஒரு பாஸ் உறுதி. பிடித்ததால்தான் தோற்றார்கள் என்று சொல்லும்போதே மனசு கனக்கிறது. கைக்கு வரும் பந்தைப் பிடிக்கத்தானே சின்ன வயதிலிருந்து பழக்கியிருப்பார்கள்.

—

பெஞ்ச்_ஓரம்:

நாலாம்_டவுன் சொன்ன கடிகாரக் கணக்கு சரிதான். ஆனால் அது பாதிக் கணக்கு. எதிர்ப்பக்கத்தில் நிற்கும் 11 பேரை அதில் சேர்க்கவில்லை.

ஸ்பைக் அடித்தால் ஜார்ஜியாவுக்கு மட்டுமா மூச்சு வாங்க நேரம் கிடைக்கிறது? அலபாமாவுக்கும் கிடைக்கிறது. 26 யார்டு பாஸுக்குப் பின்னால் ஓடிய தடுப்பு வீரர்கள் மூச்சிரைத்துக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த அமைப்பு என்ன என்று பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாக்கும் அணி ஆளை மாற்றாமல் அதே 11 பேரோடு நின்றால், தடுக்கும் அணி ஆள் மாற்றிக்கொள்வதற்காக நடுவர் பந்தைப் பிடித்து வைக்க மாட்டார். தாக்கும் அணி ஒரு ஆளை மாற்றினால் மட்டும்தான் எதிரணிக்கும் அந்த அவகாசம் உண்டு. ஸ்பைக் அடித்துக் கடிகாரம் நின்றுவிட்டாலோ, அலபாமா கோல் கோட்டுக்கென்றே வைத்திருக்கும் ஆட்களை இறக்கி, மூலைகளுக்கு இருவர் இருவராக நிறுத்தியிருக்கும். அன்று அந்தத் தடுப்பாட்டத்தை வகுத்தவர் கர்பி ஸ்மார்ட். 2016 முதல் அவரே ஜார்ஜியாவின் தலைமைப் பயிற்சியாளர். அப்படிப்பட்டவருக்கு யோசிக்க 20 வினாடி இலவசமாகக் கொடுப்பதா என்று அன்றைய ஜார்ஜியா பயிற்சியாளர் மார்க் ரிக்ட் நினைத்ததில் நியாயம் இருக்கிறது.

பிழை வேறு இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. எறியப்பட்ட இலக்கு மால்கம் மிட்செல், எண்ட் ஸோனின் வலது மூலை. உள்பக்கம் நின்ற கான்லியின் ஓட்டமோ கோல் கோட்டுக்கு முன்னாலேயே பக்கவாட்டில் திரும்புவது. தடுப்பு வீரர் ஒருவரைத் தன் பக்கம் இழுத்து மூலையைக் காலியாக்குவதுதான் அந்த ஓட்டத்தின் வேலை. முதல் பாதியில் நல்ல யோசனை. டைம்அவுட் இல்லாமல், பத்து வினாடிக்குக் கீழே, கோல் கோட்டுக்கு முன்னால் ஒரு ஆள்கூடப் பந்தைத் தொடும் தூரத்தில் நிற்கக் கூடாது. எல்லா ஓட்டமும் கோட்டைத் தாண்டியே முடிய வேண்டும். பந்து தட்டுப்பட்டு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது, போகும் இடத்தில் நம் ஆள் இருந்தால் அனிச்சையாகப் பிடித்துவிடுவார். நடந்தது அதேதான்.

மூன்றாவது சந்தேகத்துக்கு ஒரு சின்னச் சேர்க்கை. காற்றில் வரும் பாஸைப் பிடிக்காமல் கையால் தரையை நோக்கித் தட்டிவிடுவது சட்டப்படி சரியே, பிடிபடாத பாஸ் ஆகிவிடும். பிடித்த பிறகு சுதாரித்து முன்னோக்கி எறிந்தாலோ தவறு. ஸ்னாப் எடுத்த கோட்டைத் தாண்டிய பிறகு நேரத்தை மிச்சப்படுத்த முன்னோக்கி எறிவது சட்டவிரோத பாஸ். 2011இல் வந்த விதிப்படி, அன்று கடைசி ஒரு நிமிடத்துக்குள் (2024 முதல் கடைசி 2 நிமிடத்துக்குள்) இப்படிப்பட்ட தவறால் கடிகாரம் நின்றால் எதிரணி 10 வினாடியைக் கழிக்கச் சொல்லலாம். மிச்சம் 10க்கும் குறைவாக இருந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

—

நாலாம்_டவுன்:

கான்லியின் ஓட்டத்தைப் பற்றிச் சொன்னதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆள் மாற்றும் விஷயத்தில் மட்டும் ஒரு மறுப்பு. எதிரணி தடுமாறுகிறது என்பதற்காக ஸ்பைக்கைத் தவிர்க்கிறோம் என்றால், விசில் ஊதிய ஒரு வினாடிக்குள் ஸ்னாப் எடுக்க வேண்டும். ஐந்தாறு வினாடி கழித்து எடுத்தால் அதற்குள் எதிரணி நிலைக்கு வந்துவிடும். நமக்கோ நேரமும் போய்விடும். ஒன்று உடனே ஸ்னாப் எடுத்து எறிய வேண்டும், இல்லை உடனே தரையில் அடிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றதுதான் அன்று ஜார்ஜியாவுக்குப் பாதகமாகிப் போனது.

ஸ்பைக்கும் ஆபத்தில்லாத வேலை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்னாப்புக்கு முன் 11 பேரும் முழுசாக ஒரு வினாடி அசையாமல் நிற்க வேண்டும். 26 யார்டு தள்ளியிருந்து ஓடி வரும், முன்வரிசையில் நிற்கும் பருமனான லைன்மேன்தான் வழக்கமாகக் கடைசியில் வந்து சேருவார். அவர் நிற்பதற்குள் ஸ்னாப் எடுத்தாலோ, யாராவது முன்கூட்டி அசைந்தாலோ கொடி விழும். அதே 10 வினாடிக் கழிவு. டைம்அவுட் இருந்தால் அதைக் கொடுத்துக் கழிவைத் தவிர்க்கலாம், ஜார்ஜியாவிடம் அதுவும் இல்லை.

—

கோடைமழை:

இரண்டு பேருக்கும் நன்றி அண்ணா. "ஃபர்ஸ்ட் அண்ட் கோல்" என்பதால் கடிகாரம் நிற்காது என்ற விஷயம் இத்தனை நாள் தோன்றவேயில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. இந்த விதிகள் இப்போதும் இப்படியேதானா? அப்புறம் 2009 பிக் 12 (இன்னொரு கான்பரன்ஸ்) இறுதியில் டெக்சாஸுக்கு ஒரு வினாடியைத் திருப்பிக் கொடுத்தார்களே, அது எந்த விதிப்படி? நெப்ராஸ்கா ரசிகர்கள் இன்னும் அதைத் திருட்டு என்கிறார்கள்.

—

யார்டுகோல்:

விதி மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு 2009க்கு வருகிறேன்.

2013: கடிகாரம் நின்று, ரெஃப்ரி சைகையில் ஓடத் தொடங்கும் நிலையில், 3 வினாடி அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் ஸ்பைக் அடித்துவிட்டு இன்னொரு ஆட்டம் (ஒரு ஸ்னாப்பில் தொடங்கும் ஒரு முயற்சி) ஆட முடியும். 2 அல்லது 1 வினாடி என்றால் ஒரே ஒரு ஆட்டம்தான். அப்போது ஸ்பைக் அடித்தால் பாதியே முடிந்துவிடும்.

2023: ஃபர்ஸ்ட் டவுனுக்குக் கடிகாரம் நிற்பது ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்துக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். அதற்கு முன் ஆட்டம் முழுக்க நின்றது. ஜார்ஜியாவின் அந்த டிரைவ் இன்று நடந்தாலும் லிஞ்ச் பிடித்தபோது நிற்கும், கான்லி பிடித்தபோது ஓடும்.

2024: ஒவ்வொரு பாதியிலும் 2 நிமிடம் இருக்கும்போது பொது டைம்அவுட் வந்தது. பயிற்சியாளர் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் பேசும் வசதியும் அதே ஆண்டில்தான். ஆட்டக் கடிகாரம் அல்ல, ஸ்னாப் எடுக்க வேண்டிய 40 வினாடிக் கடிகாரம் 15ஐத் தொட்டதும் அந்தப் பேச்சு துண்டிக்கப்படும்.

எல்லைக்கு வெளியே போவது பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 2008 முதல், கடைசி 2 நிமிடம் தவிர மற்ற நேரத்தில் வெளியே போனாலும் பந்தை வைத்து ரெஃப்ரி சைகை காட்டியதும் கடிகாரம் ஓடும். கடைசி 2 நிமிடத்தில்தான் ஸ்னாப் வரை நிற்கும். இரண்டாம் குவார்ட்டர் நடுவில் வெளியே ஓடி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்களுக்கு ஆதாயம் குறைவு.

இனி 2009. டிசம்பர் 5, ஆர்லிங்டன், கௌபாய்ஸ் ஸ்டேடியம். டெக்சாஸ் தோற்காத அணி, ஜெயித்தால் தேசிய இறுதி. நெப்ராஸ்காவின் தடுப்பாட்டக்காரர் இண்டாமுகோங் சூ அன்று டெக்சாஸ் குவார்ட்டர்பேக் கோல்ட் மெக்காயை நாலரை முறை வீழ்த்தினார். அரை என்பது இன்னொருவரோடு சேர்ந்து வீழ்த்தியது. கான்பரன்ஸ் இறுதிகளில் தடுக்கும் வீரர் ஒருவர் ஆட்டத்தையே தன் கைக்குள் வைத்திருந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1 நிமிடம் 44 வினாடி இருக்கையில் அலெக்ஸ் ஹெனரியின் ஃபீல்ட் கோலில் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) நெப்ராஸ்கா 12–10 என்று முன்னேறியது. அந்த இடத்திலிருந்து டெக்சாஸை யார் களத்தில் நகர்த்தினார்கள் என்று பாருங்கள். அடுத்த கிக்காஃப் (புள்ளி எடுத்த அணி எதிரணிக்குப் பந்தை உதைத்துக் கொடுப்பது) நேராக எல்லைக்கு வெளியே போனது. அப்போது கிக்காஃப் 30 யார்டிலிருந்து. வெளியே போனால் அங்கிருந்து 30 யார்டு தள்ளிப் பந்தைக் கொடுப்பார்கள், ஆகவே டெக்சாஸுக்கு அதன் 40 யார்டில் பந்து. ஜோர்டன் ஷிப்லிக்கு 19 யார்டு பாஸ். அவரைக் கழுத்துப்பட்டையைப் பிடித்து பின்னால் இழுத்து வீழ்த்தியதற்கு இன்னொரு 15 யார்டு தண்டனை. ஒரே ஒரு பாஸ், பந்து நெப்ராஸ்காவின் 26இல். ஃபீல்ட் கோல் தூரம் வந்துவிட்டது. திருட்டு என்று பேசுபவர்கள் கிக்காஃப்பையும் அந்த 15 யார்டையும் சேர்த்துப் பேசுவதில்லை.

கடைசியில் மெக்காய் வலது பக்கம் ஓடி, பந்தை எல்லைக்கு வெளியே எறிந்தார். கடிகாரம் 0:00 காட்டியது. நெப்ராஸ்கா வீரர்கள் களத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். விதி இதுதான்: பாஸ் எறிந்த கணத்தில் கடிகாரம் நிற்காது, பந்து எல்லைக்கோட்டைக் காற்றில் கடந்த கணத்திலும் நிற்காது. தரையையோ எல்லைக்கு வெளியே உள்ள எதையாவதோ தொட்ட கணத்தில்தான் பாஸ் முடிகிறது. ரீப்ளே படத்தில் பந்து வெளியே பட்டபோது ஒரு வினாடி மிச்சம் இருந்தது. கடிகாரத்தை இயக்குபவர் மனிதர். பார்த்துப் பொத்தானை அழுத்த அரை வினாடியாவது பிடிக்கும். பாதி முடியும் தருணத்தில் அந்த அரை வினாடியை ரீப்ளே திருத்தலாம் என்று விதி அனுமதிக்கிறது. திருத்தினார்கள். ஹண்டர் லாரன்ஸ் 46 யார்டு ஃபீல்ட் கோல் அடித்தார். டெக்சாஸ் 13, நெப்ராஸ்கா 12.

திருட்டு இல்லை. ஆனால் மெக்காய் செய்தது பெரிய பிழை. அவ்வளவு நேரம் பந்தை வைத்துக்கொண்டு ஓட வேண்டிய அவசியமே இல்லை. பந்தை உயரமாகவும் தொலைவாகவும் எறிந்ததால் அது பறந்த நேரமும் கடிகாரத்தில் கழிந்தது. வெளியே எறிவதென்றால் தாழ்வாக, பக்கத்துத் தரையில் எறிய வேண்டும்.

இதற்கு நேர் எதிர்ப்பாடம் ஏ.சி.சி. என்ற கான்பரன்ஸின் 2024 இறுதி. சார்லட்டில் கிளெம்சனுக்கும் எஸ்.எம்.யூ.வுக்கும். 31–14 என்று பின்தங்கிய எஸ்.எம்.யூ. 16 வினாடி இருக்கும்போது 31–31 ஆக்கிவிட்டது. ஓவர்டைம் என்று எல்லோரும் நினைத்த நேரம். கிளெம்சனின் ஆடம் ராண்டல் கிக்காஃப்பை வாங்கி 41 யார்டு ஓடி 45 யார்டுக்குக் கொண்டுவந்தார். 9 வினாடி மிச்சம். அன்டோனியோ வில்லியம்ஸுக்கு 17 யார்டு பாஸ், எதிரணியின் 38. 3 வினாடியில் டைம்அவுட். அதைக் கடைசி வரை செலவழிக்காமல் வைத்திருந்தார்கள், அதனால்தான் களத்தின் நடுப்பகுதிக்கு எறிய முடிந்தது. டைம்அவுட் இல்லாத அணி பக்கக்கோட்டோரம் மட்டுமே எறியும், தடுக்கும் அணியும் அங்கேயே போய் நின்றுகொள்ளும். நோலன் ஹவுசர் அடித்தது 56 யார்டு. கணக்கு: 38, அதோடு எண்ட் ஸோன் 10, ஸ்னாப்பை வாங்கிப் பந்தை நிறுத்தும் இடம் 8 யார்டு பின்னால். கல்லூரியில் இந்தப் பின்தூரம் 7 அல்லது 8. களத்தில் பந்து எங்கே இருக்கிறதோ அதோடு 17 அல்லது 18 கூட்டினால் ஃபீல்ட் கோல் தூரம் கிடைத்துவிடும்.

—

அட்லாண்டா_மேடை:

ஓவர்டைம் பேச்சு வந்ததால் 2024 எஸ்.இ.சி. இறுதியையும் இங்கேயே வைக்கிறேன். மெர்சிடிஸ் பென்ஸ் ஸ்டேடியத்தில் ஜார்ஜியா 22, டெக்சாஸ் 19. இந்த ஸ்கோரைப் பார்த்துக் குழம்புபவர்கள் அதிகம்.

60 நிமிடம் முடிந்தபோது 16–16. கல்லூரி ஓவர்டைமில் கடிகாரமே இல்லை. ஒவ்வொரு அணிக்கும் எதிரணியின் 25 யார்டிலிருந்து ஒரு வாய்ப்பு, ஒரு டைம்அவுட். டெக்சாஸ் முதலில் ஆடி ஃபீல்ட் கோல் எடுத்தது, 19–16. பிறகு ஜார்ஜியாவின் ட்ரெவர் எட்டியென் 4 யார்டிலிருந்து டச்டவுன், 6 புள்ளி. ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டதால் கூடுதல் புள்ளிக்கு உதைக்கவே இல்லை. அதனால்தான் 23 இல்லாமல் 22. சமநிலை நீடித்திருந்தால், இரண்டாவது ஓவர்டைமில் டச்டவுனுக்குப் பிறகு 2 புள்ளி முயற்சி கட்டாயம். மூன்றாவதிலிருந்து 25 யார்டு தொடரே கிடையாது, 3 யார்டிலிருந்து மாறி மாறி 2 புள்ளி முயற்சி மட்டும். இந்த ஏற்பாடு 2021இல் வந்தது.

அந்த 4 யார்டு ஆட்டத்தை உன்னிப்பாகப் பாருங்கள். குவார்ட்டர்பேக் கார்சன் பெக் முதல் பாதியின் கடைசியில் முழங்கையில் அடிபட்டு வெளியேறியவர். மாற்றாக வந்த கன்னர் ஸ்டாக்டன்தான் ஓவர்டைம் வரை இழுத்துக்கொண்டு வந்தார். முந்தைய ஓட்டத்தில் ஸ்டாக்டன் பலமாக மோதப்பட்டு ஹெல்மெட் கழன்று விழுந்தது. ஹெல்மெட் கழன்றால் அந்த வீரர் அடுத்த ஒரு ஸ்னாப்புக்கு மட்டும் வெளியே போக வேண்டும். எனவே எறிய முடியாத கையோடு பெக் உள்ளே வந்தார், பந்தை வாங்கி எட்டியெனிடம் கொடுத்தார், அவ்வளவுதான். பாஸ் வராது என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், டெக்சாஸுக்கும் தெரியும். அப்படியும் முன்வரிசை வழி திறந்தது. அந்த ஒரு ஆட்டத்தின் பெருமை ஜார்ஜியாவின் லைன்மேன்களுக்குத்தான் சேர வேண்டும். ஒருவர் பெயரும் செய்தித் தலைப்பில் வரவில்லை என்பதில் எனக்கு வருத்தமே.

—

பெஞ்ச்_ஓரம்:

ஒரு கிளைச் செய்தி, இந்த ஆட்டங்களை இப்போது பார்க்கத் தொடங்குபவர்களுக்கு உதவும். 2012இல் எஸ்.இ.சி.யில் கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவு. பிரிவு முதல்வர்கள் இருவரும் மோதுவார்கள். 1992இல் 12 அணி ஆனபோது தொடங்கிய ஏற்பாடு அது. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்த 2024இல் பிரிவுகளை எடுத்துவிட்டார்கள். இப்போது மொத்தப் பட்டியலில் முதல் இரண்டு அணி. பெரிய கான்பரன்ஸில் எல்லோரும் எல்லோரோடும் ஆடுவதில்லை என்பதால், இரண்டாம் இடத்துக்குச் சமநிலை வந்தால் நேருக்கு நேர் முடிவை வைத்துத் தீர்க்க முடியாமல் போகும்.

2025 ஏ.சி.சி.யில் அதுதான் நடந்தது. கான்பரன்ஸ் ஆட்டங்களில் வர்ஜீனியா 7–1 (7 வெற்றி, 1 தோல்வி) என்று முதலிடம். டியூக், மயாமி, ஜார்ஜியா டெக், பிட்ஸ்பர்க், எஸ்.எம்.யூ. ஐந்தும் 6–2. ஆடிய கான்பரன்ஸ் எதிரணிகளின் மொத்த வெற்றி விகிதம் வரை இறங்கித்தான் தீர்த்தார்கள். அதில் டியூக் உள்ளே வந்தது. பருவம் முழுவதையும் சேர்த்தால் 7–5 மட்டுமே எடுத்திருந்த அணி. இறுதியில் வர்ஜீனியாவை ஓவர்டைமில் 27–20 என்று வென்று கோப்பையும் வாங்கியது. ஆனால் தேசியப் பட்டத்துக்கான 12 அணி பிளேஆஃபில் அந்த ஆண்டு நேரடி இடம், தரவரிசையில் உயரே இருக்கும் 5 கான்பரன்ஸ் சாம்பியன்களுக்குத்தான். டியூலேனும் ஜேம்ஸ் மேடிசனும் டியூக்கை முந்திவிட்டன. இறுதிக்கே வராத மயாமிக்கு பிளேஆஃபில் இடம் கிடைத்தது, கோப்பை வாங்கிய டியூக்குக்குக் கிடைக்கவில்லை. விதிப்படி சரி. ஆனாலும் கான்பரன்ஸ் கோப்பைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. 2012இல் தோற்ற ஜார்ஜியாவுக்குத் தேசிய இறுதிக்கான கதவு அந்த இரவோடு மூடியது. இன்றைய ஏற்பாட்டில் அதே ஜார்ஜியா தோற்றும் பிளேஆஃபுக்குப் போயிருக்கும்.

—

கோடைமழை:

காணொளியை மறுபடி பார்க்கப் போகிறேன். எந்த இடத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

—

நாலாம்_டவுன்:

பந்தைப் பார்க்காதீர்கள். லிஞ்ச் விழுந்ததும் கடிகார எண்ணை மட்டும் பாருங்கள், 15இல் நிற்கும். பிறகு வெள்ளைத் தொப்பி ரெஃப்ரி கை சுழற்றுவதைத் தேடுங்கள். எண் இறங்கத் தொடங்கும் அந்த நொடியில் படத்தை நிறுத்தி ஜார்ஜியாவின் முன்வரிசை எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். குனிந்து தயாராக நிற்பவர் எத்தனை பேர், இன்னும் நடந்து வருபவர் எத்தனை பேர். ஸ்பைக் சாத்தியமா இல்லையா என்பதற்கு விடை அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

அடுத்து ஸ்னாப் முதல் மெதுவாக ஓட்டுங்கள். இப்போது கான்லியின் கால்களைப் பாருங்கள், கைகளை அல்ல. அவர் திரும்பும் இடம் கோல் கோட்டுக்கு எவ்வளவு முன்னால் என்பது அப்போது தெரியும். பெஞ்ச்_ஓரம் சொன்ன பிழை அங்கே இருக்கிறது. பந்து மோஸ்லி கையில் பட்டது முதல் கான்லி பிடிப்பது வரை மனிதக் கைக்கு யோசிக்கும் நேரமே இல்லை என்பதையும் அதே ஓட்டத்தில் பார்த்துவிடுவீர்கள்.